குழந்தையின் தட்டில் காரீயம்

பினாங்கில் வாழ்கின்றவர்களுக்கு ஈயம் புதிதல்ல. டத்தோ கிராமாட் சாலையிலும், அக்கரையில் பட்டர்வொர்த்திலும் ஈயம் உருக்கும் ஆலைகள் புகைந்த காலத்தை முதியவர்கள் அறிவார்கள். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பையும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'அந்த ஈயத்தில் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்? அதில் என்ன கெடுதல்?' என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் சொல்லும் ஈயம் வெள்ளீயம். நம் நாட்டுச் சுரங்கங்களில் தோண்டி எடுத்ததும் அதுதான். காரீயம் வேறு. கறுத்து, கனத்து, நகத்தால் கீறினாலே தழும்பு விழும் அளவுக்கு மென்மையானது. கார் பேட்டரிக்குள் இருப்பதும், மீன் வலையின் அடியில் குண்டாகக் கட்டுவதும் இந்தக் காரீயமே. இரண்டுக்கும் பெயரில்தான் உறவு, குணத்தில் கிடையாது. தொல்லை எங்கே வருகிறதென்றால், காரீயம் விலை மலிவு. பூச்சிலும் சொம்பிலும் அதைக் கலந்துவிடுகிற வியாபாரிகள் உண்டு. அப்படிப்பட்ட பாத்திரத்தில் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவைத்தால், புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்துக் கறுப்புக் கோடு விழுந்தால் அது காரீயம் என்பார்கள். சுத்தக் காரீயத்துக்கு அது சரிதான். கலவையாக இருந்தால் அந்தச் சோதனையை நம்புவதற்கில்லை. வாங்கிய இடம் தெரியாத சொம்பை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, எவர்சில்வரில் ரசம் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்?

நம் உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்துபோகிறது. இரத்தத்தில் ஏற்றி, எலும்பில் கொண்டுபோய்ச் சேமித்து வைக்கிறது. எலும்பில் புகுந்தது பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும். ஒரு பெண் கருவுற்றிருக்கும்போது, அவள் சிறுமியாக இருந்த நாளில் சேர்ந்த காரீயம் எலும்பை விட்டுக் கிளம்பி வயிற்றுப் பிள்ளையைச் சென்றடைவதும் உண்டு. சிறு குழந்தையின் குடலோ பெரியவர்களைப் போல் நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். வளர்கின்ற மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. காய்ச்சல் கிடையாது, சொறி கிடையாது. பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஓரிடத்தில் உட்காராது, வாய்பாடு மனத்தில் நிற்காது. ஆசிரியர் 'படிப்பு ஏறவில்லை' என்பார். தகப்பன் பிரம்பைத் தேடுவான். காரணம் தட்டில் இருந்ததா, தண்ணீரில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலகத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர், ஏறத்தாழ 80 கோடிப் பேர், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் சுமந்திருக்கக்கூடும் என்று யுனிசெஃப் 2020-இல் கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுப் பிள்ளைகள். பெட்ரோலில் காரீயம் கலப்பது உலகம் முழுவதும் ஒழிந்தது 2021-இல்தான். கடைசியாக விட்ட நாடு அல்ஜீரியா.

மஞ்சள் கதை

மஞ்சள் இல்லாத தமிழ்ச் சமையல் ஏது? வங்காளதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1980-களில் வெள்ளம் வந்து மஞ்சள் கிழங்கு சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போக, பளபளப்பான மஞ்சள் நிறம் கொடுக்கக் காரீயக் குரோமேட் என்ற சாயப்பொடியைப் பூசத் தொடங்கினார்கள் சிலர். பெயிண்டுக்குச் சேர்க்கும் சாயம் அது! வெள்ளம் வடிந்தது, வழக்கம் வடியவில்லை. கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன ஆராய்ச்சியாளர்கள் மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019-இல் செய்தி வெளியானதும் அரசாங்கம் சந்தையில் இறங்கியது. பத்திரிகைகள் எழுதின, எச்சரிக்கைத் தாள்கள் ஒட்டப்பட்டன, மொத்த வியாபாரிகளுக்கு எல்லோர் கண்ணெதிரிலும் அபராதம் விதிக்கப்பட்டது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த காரீயம் 2021-இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே ஆண்டு! மனம் வைத்தால் எவ்வளவு விரைவில் முடிகிறது பாருங்கள்.

'நான் தூள் வாங்குவதில்லை. கிழங்காக வாங்கி மில்லில் அரைக்கிறேன்' என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே சாயம் பூசியது கிழங்கின் மேல்தான். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்து, தொட்டவுடன் கையில் பொடி ஒட்டினால் அந்தக் கிழங்கை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தீட்டும் சுர்மாவும் அப்படியே. விளக்குப் புகையில் வீட்டில் செய்யும் மை வெறும் கரி. கடையில் விற்கும் சுர்மாக் கல் பல நேரம் காரீயத் தாதுவாகவே இருக்கும். கைக்குழந்தையின் கண்ணுக்கு அது வேண்டாம்.

குழாய்த் தண்ணீர்

பினாங்குத் தண்ணீரில் பெரும்பகுதி கெடாவிலிருந்து இறங்கிவரும் மூடா ஆற்று நீர். சுங்கை டுவாவில் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நம் வீட்டு வாசல் வந்த பிறகு அது ஓடுவது நம்முடைய குழாயில். ஜார்ஜ்டவுனில் நூறாண்டைத் தாண்டிய கடைவீடுகள் எத்தனை! பழைய குழாயின் பற்றவைப்பிலும் பித்தளைத் திருகிலும் காரீயம் இருக்கலாம். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில் அது ஊறும். காலையில் முதலில் வருவதைச் செடிக்கோ துணிக்கோ பிடித்துவிட்டு, சற்று ஓடவிட்டபின் குடிக்கப் பிடியுங்கள். பால் மாவு கரைக்கச் சுடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டாம். சூடு காரீயத்தைக் கூடுதலாகக் கரைக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய மிஞ்சியதில் அதன் அடர்த்தி ஏறும். இதை நம் தாய்மார்களில் பலர் அறியமாட்டார்கள்.

வயிறு காலியாக இருந்தாலும், இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தாலும் உடம்பு காரீயத்தை இன்னும் ஆவலோடு வாங்கிக்கொள்ளும். முருங்கைக்கீரை, பயறு, தலையோடு வறுத்த நெத்திலி எல்லாம் நம் கைக்கெட்டியவை. சோறு சாப்பிட்ட கையோடு பிள்ளைக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அது கீரையின் இரும்பைத் தடுத்துவிடும். பேட்டரிப் பட்டறையில் வேலை செய்யும் அப்பா, உடுப்பை மாற்றிக் கைகால் கழுவிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். வலைக்குண்டு வார்க்க அடுப்படியில் காரீயம் உருக்குவது கூடவே கூடாது. இப்படிச் சூழ்நிலை உள்ள வீட்டில் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பார்த்த பார்வையில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

பெயிண்ட் விஷயத்தில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 1970-ஐ ஒட்டித் தொடங்கி, 2019-இல் மறையும் வரை எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் தலைமையில் நடந்த சங்கம் இது. பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து கோலா ஜூரு மீனவர்கள் வலையைச் சுருட்டிய எழுபதுகளில் அவர்களுக்குத் துணை நின்றது. மீயில் போரிக் அமிலம் கலப்பதைச் சோதித்துச் சொன்னது. வீட்டுப் பெயிண்டுகளையும் சோதனைக்கு அனுப்பி, பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பை வெகுவாகத் தாண்டிய டப்பாக்கள் நம் கடைகளில் விற்பனையானதை 2016-இல் வெளியிட்டது. பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும்தான் பொதுவாக இதில் மோசம். உரியும் பழைய பெயிண்டை உலரத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மருந்து என்ற பெயரில்

தோட்டத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. புல்லுக்கு அடிக்கும் நஞ்சை நாம் 'மருந்து' என்கிறோம். அந்த ஒரு சொல்லே பாதி விபத்துக்குக் காரணம் என்பேன். பராகுவாட் என்ற களைக்கொல்லியை விழுங்கியவர்களுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைத் தோளில் சுமந்து ரப்பர்க் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். மூக்கில் இரத்தம் வந்தவர்கள், நகம் கழன்றவர்கள், கண் எரிந்தவர்கள் எத்தனை பேர்! தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் அந்தப் பெண்களை நேரில் கண்டு 2002-இல் அறிக்கை வெளியிட்டன. உலக நாடுகளின் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கம் பிறந்ததே 1982-இல் நம் பினாங்கில் கூடிய கூட்டத்தில்தான். 2002-இல் அரசாங்கம் பராகுவாட்டை விலக்குவதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடித்தவர்களின் கணக்கை யார் எழுதுவார்?

இன்று அந்த வேலையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிறைய இருக்கிறார்கள். மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. அடித்தவர் உடுப்பைப் பிள்ளையின் துணியோடு ஊறவைக்காதீர்கள். தனி வாளி வேண்டும். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைத்து, தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்த கொடுமைகள் நாமறிந்தவை. காலியான மருந்து டிரம்மில் மழைநீர் பிடிப்பதும் அதைப் போன்றதே. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. டிரம் காலியானதும் மூன்று முறை அலசி, அலசிய நீரை மருந்துப் பம்பிலேயே ஊற்றிவிட்டு, அடியில் துளை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். துளை போட்ட டிரம்மை யாரும் தண்ணீருக்குக் கேட்டு வரமாட்டார்கள்.