வெல்டிங் உடை: தடிப்பல்ல, துணியே முக்கியம்

கேற், கிறில், கூரைச் சட்டம், லொறி பொடி என்று எதைச் செய்தாலும் வெல்டிங் இல்லாமல் வேலை முடிவதில்லை. இரண்டு மூன்று தொழிலாளர்களுடன் இயங்கும் வெல்டிங் வேலைத்தலங்கள் நமது ஊர்களில் ஏராளம். மெஷின் வாங்கும்போது அம்பியரையும் உத்தரவாதத்தையும் துருவித் துருவி விசாரிக்கும் முதலாளிமார், அதைப் பிடித்து வேலை செய்பவரின் உடை என்று வரும்போது 'தடிப்பான சேர்ட் ஒன்று போதும்' என்று விட்டுவிடுகின்றனர். ஹாட்வெயார் வியாபாரிகள் சிலரும் விலையை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கின்றனர். இரு சாராருக்கும் பயன்படும் சில விடயங்களை இங்கு தருகிறோம்.

எதிலிருந்து பாதுகாப்பு?

வெல்டிங் செய்பவரின் உடலை மூன்று ஆபத்துகள் நெருங்குகின்றன. முதலாவது, தெறிக்கும் உருகிய உலோகம். இரும்பு ஏறத்தாழ 1500 பாகை செல்சியசில் உருகுகிறது. இரண்டாவது, வில்லொளியில் உள்ள புறஊதாக் கதிர். கடும் வெயில் பட்டதுபோல் இது தோலைச் சுட்டுவிடும். மூன்றாவது, மின்சாரம். வியர்வையில் நனைந்த உடையும் கையுறையும் மின்னைக் கடத்தும்.

துணியை எப்படி அறிவது?

பொலியெஸ்டர் ஏறத்தாழ 260 பாகையில் உருகிவிடும். பொறி பட்டால் அது தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயமும் ஆழமாகும். எனவே எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பொலியெஸ்டர், நைலோன் கலந்த உடை வேண்டாம். உள்ளே அணியும் டீ சேர்ட்டும் பருத்தியாகவே இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே எரித்துப் பாருங்கள். பருத்தி நூல் கடதாசி எரியும் மணத்துடன் சாம்பலாகும். செயற்கை நூல் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும். கலப்புத் துணியும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் சாதாரணப் பருத்தியும் தீப்பற்றக்கூடியதே. நல்லது தோல் அல்லது தீ பரவாதவாறு பதப்படுத்திய பருத்தி. இத்தகைய உடைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 11611 ஆகும். அதில் இரண்டு வகுப்புகள் உண்டு. பொறி குறைவான வேலைக்கு முதலாம் வகுப்பு. பொறி அதிகம் தெறிக்கும் வேலைக்கும் தலைக்கு மேல் செய்யும் வேலைக்கும் இரண்டாம் வகுப்பு. லேபலில் தர எண்ணும் வகுப்பும் இல்லையென்றால், விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

தைப்பிலும் கவனம் தேவை. பொக்கற்றுக்கு மூடி இருக்க வேண்டும். காற்சட்டையின் கீழ் விளிம்பு மடிக்கப்பட்டிருக்கக் கூடாது. பொறி அதற்குள் தங்கிவிடும். காற்சட்டை சப்பாத்துக்கு மேலே விழ வேண்டும். சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு உகந்தவையல்ல.

கண்ணும் கையும்

சாதாரண கறுப்புக் கண்ணாடி வெல்டிங்குக்கு உதவாது. 60 முதல் 160 அம்பியர் வரையிலான குச்சி வெல்டிங்குக்கு 10ஆம் இலக்கக் கண்ணாடியும், 160 முதல் 250 வரை 12ஆம் இலக்கமும் பரிந்துரைக்கப்படுகின்றன. கேஸ் கட்டிங்குக்கான கண்ணாடியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கண் பாதிக்கப்பட்டாலும் உடனே தெரிவதில்லை; சில மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் இரவில், மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும் இதே ஆபத்து உண்டு. அவருக்காக ஒரு மறைப்புத் திரையும் தேவை.

கையுறை மணிக்கட்டைத் தாண்டி நீண்ட தோல் கையுறையாக இருக்க வேண்டும். ஒரு சோடியை வெயிலில் உலர வைத்து மறு சோடியை அணியும்படி இரண்டு சோடி கொடுப்பது நமது காலநிலைக்கு அவசியம்.

உடை தடுக்காதது

உடை புகையைத் தடுக்காது. கல்வனைஸ் குழாயை ஒட்டும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். வெல்டிங் புகை புற்றுநோயை ஏற்படுத்தும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017இல் முடிவு செய்தது. மூக்கில் கட்டும் லேஞ்சி இதற்குப் போதாது. காற்றோட்டமான இடமும் உரிய சுவாசக் கவசமும் வேண்டும்.

பராமரிப்பு

பதப்படுத்திய துணியை பிளீச் போட்டுக் கழுவினால் அதன் காப்பு குறையும். எண்ணெய், கிறீஸ் படிந்த உடை தீயைத் தானே அழைக்கும். உடையிலுள்ள தூசை ஒட்சிசன் குழாயால் ஊதுவது சிலரது பழக்கம். துணியில் ஒட்சிசன் தங்கினால் ஒரே பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால் இதை அறவே நிறுத்த வேண்டும்.

செலவா, சேமிப்பா?

வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு செலுத்தும் பொறுப்பை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. நட்டஈடு ஒரு பக்கம் இருக்க, கைதேர்ந்த ஒரு தொழிலாளி ஒரு மாதம் படுத்துவிட்டால் எத்தனை ஓடர்கள் தவறும் என்பதை முதலாளிமார் கணக்குப் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாதவர்கள் முதலில் சரியான இலக்கமுள்ள முகக்கவசம், தோல் கையுறை, மூடிய தோல் சப்பாத்து ஆகியவற்றை வாங்கலாம். அடுத்து மார்பு முதல் முழங்கால் வரை மறைக்கும் தோல் ஏப்ரன். பிறகு முழு உடை. அதுவரை முழுக்கை பருத்திச் சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் கட்டாயமாக இருக்கட்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: லேபல் இல்லாத சரக்கை 'வெல்டிங் உடை' என்று சொல்லி விற்காதீர்கள். அதை நம்பி அணிபவர் பொறிக்கு முன்னால் நிற்கப் போகிறவர்.