உயிர்ச் சமுதாயம்: சொல்லும் பொருளும்

சமுதாயக் கூடம், சமுதாயக் கிணறு, சமுதாய நலம் என்னும் சொற்கள் பஞ்சாயத்து அலுவல்களில் நாள்தோறும் வழங்கி வருகின்றன. இவற்றில் சமுதாயம் என்பது மக்களை மட்டுமே குறிக்கும். உயிரியல் அறிஞர்களோ இச்சொல்லை இன்னும் விரிந்த பொருளில் ஆளுகின்றனர். அப்பொருளை நாம் அறிந்து கொள்வது வேளாண்மைக்கும் பஞ்சாயத்து நிருவாகத்துக்கும் பெரிதும் பயன்படும்.

உயிர்ச் சமுதாயம் என்பது யாது? ஓரிடத்தில் ஒருங்கே வாழ்ந்து, ஒன்றையொன்று சார்ந்தும், ஒன்றையொன்று கட்டுப்படுத்தியும் நிலைபெற்றுள்ள செடி கொடிகள், விலங்குகள், பூச்சிகள், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் ஆகிய அனைத்தின் தொகுதியே உயிர்ச் சமுதாயம் ஆகும். ஓர் ஏரியிலுள்ள கெண்டை மீன்கள் யாவும் சேர்ந்து ஓர் இனத்தொகை. அம்மீன்களுடன் பாசி, அல்லி, நத்தை, தவளை, கொக்கு முதலிய எல்லாம் சேர்ந்ததே உயிர்ச் சமுதாயம். அச்சமுதாயத்துடன் நீர், மண், வெயில், காற்று ஆகியவற்றையும் கூட்டிக் கொண்டால் அது சூழ்நிலை மண்டலம் எனப்படும். இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி மயங்குதல் கூடாது.

இக்கருத்துக்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய விலங்கியல் பேராசிரியர் கார்ல் மோபியஸ் ஆவார். வடகடற் கரையோரத்தில் உண்ணத்தக்க சிப்பிகளின் படுகைகளை ஆராய்ந்த அவர், 1877இல் வெளியிட்ட நூலில், உயிர், பொது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து, ‘பயோசினோசிஸ்’ என்னும் சொல்லை ஆக்கினார். பிரான்சு நாட்டில் அளவின்றிச் சிப்பி வாரப்பட்ட சில படுகைகளில், சிப்பி இருந்த இடத்தை வேறு மட்டி வகைகள் பற்றிக் கொண்டமையை அவர் எடுத்துக் காட்டினார். ஓர் உயிரை மிகுதியாக அகற்றினால் அதன் இடம் வெறுமையாய் இராது. சமுதாயமே வேறாகி விடும் என்பது அவர் கண்ட உண்மை.

இவ்வுண்மை நமது நெல் வயலுக்கும் பொருந்தும். வயலில் நெல்லும் புகையான் பூச்சியும் மட்டும் வாழ்வதில்லை. புகையானைப் பிடித்துண்ணும் ஓநாய்ச் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப் பூச்சியும் அங்கு உண்டு. நட்ட தொடக்கத்தில் புகையான் மிகக் குறைவாகவே இருக்கும். அப்பொழுது சிலந்திகள் எதனை உண்டு பிழைக்கின்றன? மட்கிய தழையையும் நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்று பெருகும் கொசு போன்ற சிறு ஈக்களே அவற்றுக்கு இரையாகின்றன. ஆகவே, தொழுவுரமும் தழையுரமும் பயிருக்கு உணவாவதோடு, பயிரைக் காக்கும் சிலந்திக்கும் மறைமுகமாக உணவு அளிக்கின்றன.

கண்டபடி பூச்சிமருந்து தெளித்தால் நேர்வது யாதெனில், சிலந்தியும் நாவாய்ப் பூச்சியும் மடிகின்றன. இலையுறைக்குள் இடப்பட்ட புகையான் முட்டைகளோ தப்பி விடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகளுக்குப் பகையில்லை. பணம் செலவிட்டுப் பூச்சியை வளர்த்தவர்களாகி விடுகிறோம். இந்தோனேசியாவில் இந்நிலை முற்றியமையால், 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பின்னர் வயலிலேயே பள்ளி நடத்தி, நன்மை செய்யும் பூச்சிகளை இனங்காண உழவர்களுக்குப் பயிற்சியும் அளித்தது.

இனி, பஞ்சாயத்து உறுப்பினர் கடமையைக் கருதுவோம். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம், உள்ளாட்சி அளவில் மேலாண்மைக் குழு அமைய வழி செய்துள்ளது. மக்கள் உயிரியற் பல்வகைமைப் பதிவேட்டை ஊராருடன் கலந்து தயாரிப்பது அக்குழுவின் பணி. இதனைப் பெயர்ப் பட்டியலாக மட்டும் எழுதி முடித்து விட்டால், இனங்களின் கணக்கு இருக்கும், சமுதாயம் இராது. எந்த மரத்தில் எந்தப் பறவை தங்குகிறது, எந்த மீன் எப்பருவத்தில் எங்கு முட்டையிடுகிறது, எந்தப் பூவைத் தேனீ நாடுகிறது என்னும் உறவுகளையும் உடன் குறித்தல் வேண்டும். இவற்றை நன்கு அறிந்தவர்கள் ஆடு மேய்ப்போர், மீன் பிடிப்போர், களையெடுக்கும் பெண்டிர், ஊர்ப் பெரியோர் ஆகியோரே. அவர்களைக் கேட்டு எழுதுவதே முறை.

ஏரி தூர் வாரும்போதும், மரம் ஏலம் விடும்போதும், புதிய மீன் இனத்தைக் குளத்தில் விடும்போதும் ஒரு கேள்வியைக் கூட்டத்தில் எழுப்புவோமாக: இவ்வொன்றை நீக்கினால் அல்லது சேர்த்தால், இதனைச் சார்ந்த மற்றவை யாவை? இக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே தீர்மானம் நிறைவேற்றுதல், ஊருக்கும் உழவுக்கும் நலம் பயப்பதாகும்.