பாதியில் நின்ற காருக்கு நியாய விலை எது?

எங்கள் ஜேடர்பாளையம் பகுதியில் கரும்பாலை வைத்திருப்போர் வெல்லத்துக்கு என்ன விலை சொல்வது என்று திகைத்து நிற்பதில்லை. சிப்பங்களை ஏற்றிக்கொண்டு பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போனால், 30 கிலோ சிப்பத்தின் அன்றைய விலை சிறிது நேரத்தில் முடிவாகிவிடும். விலை ஏறலாம், இறங்கலாம். ஆனால், அதுதான் விலை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. விற்பவர் பலர், வாங்குபவர் பலர், பொருளின் தரம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. பொருளியல் பாடநூல்கள் சொல்லும் சந்தைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் நான் தந்ததில்லை.

ஆனால், சந்தையே இல்லாத பொருளுக்கு விலை சொல்லுமாறு அண்மையில் என்னிடம் இருவர் கேட்டனர். மறைந்த நண்பர் ஒருவரின் ஆலைக் கொட்டகையை ஒட்டிய தகரக் கூரையின் கீழ், 1994-ஆம் ஆண்டு கான்டெசா கார் ஒன்று நிற்கிறது. அதைப் புதுப்பிக்கத் தொடங்கிய நண்பர், வேலை பாதியில் நிற்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அதை வாங்க விரும்புபவர் என் பழைய மாணவர். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பணிபுரிகிறார். நண்பரின் துணைவியார் எதிர்பார்த்தது 3 லட்சம் ரூபாய். பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னதோ 35,000 ரூபாய். இரண்டுக்கும் இடையே எங்கோ நியாய விலை இருக்கிறது. அதைச் சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது.

'நீங்க சொல்ற விலைக்குக் குடுத்துடறனுங்ணா' என்றார் அந்த அம்மையார். மாணவரிடம் இருந்தது மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த 4 லட்சம் ரூபாய். ஒருவருக்குக் குறைத்துச் சொன்னாலும், மற்றவருக்குக் கூட்டிச் சொன்னாலும் தவறு என்னுடையதாகிவிடும்.

கான்டெசாவை இந்தியாவின் 'மசில் கார்' என்று அழைக்கும் வழக்கம் ஆர்வலர்களிடையே உண்டு. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு இலக்கணம் வகுத்தது 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர அளவிலான காரில் 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியதே அதன் சிறப்பு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரித்த கான்டெசாவுக்கு அத்தகைய வலிமை இருந்ததில்லை. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். காரின் உடலமைப்பில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினோடுதான் அது முதலில் வந்தது. சுமார் 50 குதிரைத்திறன். பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்த பிறகே தோற்றத்துக்கேற்ற வேகம் கிடைத்தது. 2002-இல் தயாரிப்பு நின்றுபோனது. நீண்ட முன்புறமும் அகன்ற உடலும் பின்சக்கர இயக்கமும்தான் அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம். ஆக, இந்தக் காரை விரும்புவோர் வாங்குவது வேகத்தை அல்ல. இளமைக் கால நினைவை. நினைவுக்குச் சந்தை விலை கிடையாது என்பதால்தான் கணக்கு இங்கே அவசியமாகிறது.

பாதியில் நிற்கும் எந்தப் பொருளுக்கும் கணக்கை முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரவேண்டும். முழுமையாகப் புதுப்பித்த அதே காருக்கு இன்று என்ன விலை கிடைக்கும் என்பது முதல் கேள்வி. இங்கேதான் பலர் இடறுகின்றனர். விளம்பரங்களில் காணப்படுவது கேட்கும் விலை; கைமாறிய விலை அல்ல. 8 லட்சம், 9 லட்சம் என்று கேட்ட விளம்பரங்கள் பல மாதங்களாக அப்படியே இருந்தன. உண்மையில் விற்றவர்களிடம் பேசி உறுதிசெய்துகொண்டவை ஐந்தரை லட்சத்துக்கும் ஏழரை லட்சத்துக்கும் இடையே இருந்தன. எனவே, 6,50,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, முடிக்க ஆகும் செலவு. லாரித் தொழில் செழித்த நம் மாவட்டத்தில் டிங்கரிங், பெயின்டிங் வேலைக்குக் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பட்டறைகளில் விசாரித்துக் கிடைத்த மதிப்பீடு இது: துருவை வெட்டித் தகடு வைத்து டிங்கரிங் செய்ய 1,10,000, பெயின்ட் 70,000, எஞ்சினும் கியர் பெட்டியும் 70,000, இருக்கைகளும் உட்புறமும் 45,000, பிரேக், வயரிங், டயர்களுக்கு 55,000, கண்ணாடி, குரோமியப் பட்டைகள், ரப்பர் பீடிங்குக்கு 40,000. ஆக மொத்தம் 3,90,000 ரூபாய். பழைய காரைப் பிரித்தால் எதிர்பாராத செலவு வராமல் இருந்ததில்லை. அதற்காக ஐந்தில் ஒரு பங்காக 78,000 ரூபாயைச் சேர்த்தேன்.

ஆவணச் செலவைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. காரின் பதிவு, முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு, 2024-இல் காலாவதியாகிவிட்டது. 20 ஆண்டைக் கடந்த காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய், பசுமை வரி, காப்பீடு ஆகியவை தனி. உரிமையாளர் இறந்துவிட்டதால், படிவம் 31 வழியே வாரிசின் பெயருக்கு ஆர்.சி. மாறிய பின்னரே விற்க முடியும். இவற்றுக்கு 32,000 ரூபாய். 'பழங்கால வாகனம் என்று பதிவு செய்தால் சலுகை உண்டாமே' என்று சிலர் கேட்கின்றனர். 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு மட்டுமே உரியது. கான்டெசா இன்னும் அந்த வயதை எட்டவில்லை.

இப்போது முடிக்கும் செலவு 5 லட்சம் ரூபாய். வேலை முடிய இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று கொண்டால், படிப்படியாகச் செலவாகும் இந்தத் தொகை சராசரியாக ஓராண்டு முடங்கும். எட்டு விழுக்காடு வட்டி என்றால் 40,000 ரூபாய். ஆறரை லட்சத்திலிருந்து இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 1,10,000. ஆனால், அது இரண்டு ஆண்டு கழித்துக் கைக்கு வரும் தொகை. அதே வட்டியில் அதன் இன்றைய மதிப்பு சுமார் 94,000 ரூபாய்.

இந்த எண்ணைச் சொன்னபோது அம்மையாரின் முகம் வாடியது. கணவரின் நாட்குறிப்பைக் கொண்டுவந்து காட்டினார். வாங்கிய விலையும் பழுதுபார்த்த செலவுமாக 2,80,000 ரூபாய்க்குக் கணக்கு இருந்தது. 'அப்ப அவரு போட்ட பணமெல்லாம் எங்க போச்சுங்ணா?' என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூழ்கிய செலவு என்னும் கருத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். செலவழித்துத் திரும்பப் பெற இயலாத பணம் இன்றைய முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதை ஒருவரின் கண்ணைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 'அவர் செலவழித்ததில் காரில் இன்று பயன்படும் நிலையில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் விலை, அம்மா. மற்றது அவர் இங்கே மகிழ்ச்சியோடு கழித்த மாலைப் பொழுதுகளுக்கு ஆன செலவு' என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அவரு வாங்கி வெச்ச பொட்டி ரெண்டு பரண்மேல கெடக்குதுங்ணா' என்றார்.

பெட்டிகளைத் திறந்தபோது புத்தம்புதிய முகப்பு விளக்குகள், குரோமியப் பட்டைகள், பீடிங் சுருள்கள் இருந்தன. தயாரிப்பு நின்ற காருக்கு இவை கிடைப்பதே அரிது. 40,000 ரூபாய்ப் பட்டியலில் 30,000 ரூபாய்க்கான பொருள்கள் அங்கேயே இருந்தன. அதே வேளையில் மாணவரும் ஒன்று செய்தார். தரைவிரிப்பை விலக்கி, துரு எங்கெங்கே எவ்வளவு ஆழம் பாய்ந்திருக்கிறது என்பதை அம்மையாருக்கே காட்டினார். துணி சுற்றிய காந்தத்தைக் கதவுகளில் வைத்து, அது ஒட்டாத இடங்களில் தகட்டின்மேல் பட்டி பூசியிருப்பதை விளக்கினார். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போயின. அந்த எண்கள் ஒத்துப்போகாவிட்டால், எந்த விலையும் நியாய விலை ஆகாது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியதுதான். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால், வாங்குபவர் எல்லாக் காரையும் ஐயத்தோடு பார்த்துக் குறைந்த விலையே தருவார். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். முடிவில் சந்தையில் மட்டமான கார்களே மிஞ்சும். இந்த ஆய்வுக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன் மறுபக்கத்தை அந்தத் தகரக் கூரையின் கீழ் கண்டேன். இரு தரப்பும் தமக்குத் தெரிந்ததைத் திறந்து காட்டியபோது பேரத்தில் அச்சம் குறைந்தது. பெட்டிகளால் குறைந்த 30,000 ரூபாயையும் அதற்கேற்ப எதிர்பாராச் செலவில் 6,000 ரூபாயையும் கழித்துக் கணக்கை மீண்டும் போட்டேன். காரின் இன்றைய மதிப்பு சுமார் 1,28,000 ரூபாய் ஆனது. 1,30,000 ரூபாய் என்று இருவரும் ஒப்புக்கொண்டனர்.

'டிங்கரிங் வேலையை நானே பார்த்துக்குவேனுங்க ஐயா, அந்தக் கூலி மிச்சம்தானே' என்றார் மாணவர். மிச்சம்தான், ஆனால், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியை அவர் இழப்பார் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். 'பத்து வருஷம் போனா விலை பல மடங்கு ஏறுமுங்க' என்பது அவரது அடுத்த வாதம். 1968-இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் கார், 1974-இல் 6,000 டாலருக்கு விற்கப்பட்டது. 2020-இல் ஏலத்தில் 37.4 லட்சம் டாலருக்குப் போனது. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால், 46 ஆண்டுகளுக்கு அது ஆண்டுக்குச் சுமார் 15 விழுக்காடு வளர்ச்சிதான். அதுவும் உலகப் புகழ்பெற்ற திரைப்படத்தில் ஓடிய கார், புதுப்பிக்கப்படாமல் அப்படியே வைத்திருந்த கார். அதே ஆண்டில் விற்ற ஆயிரக்கணக்கான மற்ற கார்கள் இரும்பாக உருகிப்போயின. வென்ற ஒன்றைக் காட்டிக் கணக்குப் போடுவது லாட்டரிச் சீட்டுக்குச் சொல்லும் நியாயம்.

எனவே, மாணவரிடம் தெளிவாகச் சொன்னேன்: இந்த விலைக்கு வாங்கினால் நீ ஏமாறவில்லை, ஆனால், உனக்கு லாபமும் இல்லை. எல்லாம் திட்டப்படி நடந்தால் கிடைப்பது போட்ட பணமும் அதன் வட்டியும் மட்டுமே. ஆகவே இது முதலீடு அல்ல. மன நிறைவுக்காகச் செய்யும் செலவு. அதில் தவறில்லை. குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு நாம் செய்யும் செலவை லாப நட்டம் பார்த்தா செய்கிறோம்? ஆனால், அத்தகைய செலவை மகளின் படிப்புப் பணத்திலிருந்து எடுக்கக் கூடாது.

ஆர்.சி. வாரிசு பெயருக்கு மாற ஓரிரு மாதங்கள் ஆயின. அதற்குள் அவர் பட்டறையில் கூடுதல் நேர வேலை பார்த்தும், நாமக்கல்லில் போட்டிருந்த சீட்டை எடுத்தும் தொகையைத் திரட்டினார். மகளுக்கான 4 லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் அப்படியே இருக்கிறது. கையில் மிஞ்சும்போது மட்டும் வேலை செய்வது என்று முடிவு. இரண்டு ஆண்டு ஐந்தாகலாம்.

நிலமோ, பழைய வீடோ, பாதியில் நின்ற கிணறோ, காரோ, சந்தை இல்லாத எந்தப் பொருளுக்கும் முறை இதுவே. முடிந்த பொருளின் உண்மை விலையிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். போன பணத்தை மறக்கவேண்டும். வரப்போகும் செலவை மறக்கக் கூடாது. இந்தக் கணக்கில் பிழை நேரலாம். பெயின்டின் விலை நாளை ஏறலாம். ஆனால், விற்றவர் எதையும் ஒளிக்காமலும், வாங்கியவர் எதற்கும் அஞ்சாமலும் கைமாறிய விலையை நியாய விலை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

காரை இழுத்துச் செல்ல வண்டி வந்த அன்று, அம்மையார் அந்த நாட்குறிப்பையும் மாணவரின் கையில் கொடுத்தார். எந்தப் பாகம் எங்கே வாங்கப்பட்டது என்ற குறிப்புகள் அதில் இருந்தன. அதற்கு எவ்வளவு தரவேண்டும் என்று மாணவர் என்னைப் பார்த்தார். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.