ஒரே வாசலில் நாற்பது ஆண்டுகள்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது என் தாத்தாவுக்கு நான்கு வயது. அடுத்தடுத்து வேறு மில்களும் வந்தன. கரிசல் காட்டுப் பஞ்சு மூட்டையாக வெளியூர் போய்க்கொண்டிருந்த வட்டாரத்தில், பஞ்சு உள்ளூரிலேயே நூலாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் கூலிக்கு உழவு பார்த்த ஒரு வீட்டின் மூத்த மகன் மாதச் சம்பளத்தைப் பற்றி நினைத்துப் பார்க்க முடிந்தது அதனால்தான். 1950-ல், பதினெட்டு வயதில், ராஜபாளையத்து மில் ஒன்றின் வாசலில் அவர் பதிலியாகப் போய் நின்றார். 1990-ல் அதே வாசல் வழியாக ஓய்வு பெற்று வெளியே வந்தார். அதற்குப் பிறகும் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 2023 கடைசியில் காலமானார்.

பதிலி என்றால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே யாராவது வரவில்லை என்றால் மேஸ்திரி கூப்பிடுவார். எல்லோரும் வந்துவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் வீட்டுக்கு மிதிக்க வேண்டும். தாத்தா அப்படி மூன்று வருடம் நின்றார். பெர்மனென்ட் ஆன பிறகே பெண் பார்க்கப் போனார்கள். பெண் வீட்டார் நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை, மில்லில் பெர்மனென்டா என்று கேட்டார்கள் என அப்பத்தா சொல்வார்.

அவர் உள்ளே நுழைந்த காலம் நல்ல காலம். 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை அனுமதித்தது. 1946-ல் அது 48 ஆகக் குறைந்தது, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் பத்து மணி நேர வேலையைப் பார்த்தவர்கள். ஐந்து பிள்ளைகளுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் பொறுப்பான ஒரு மனிதருக்கு நாளில் மிஞ்சிய அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது, அதை அவர் எப்படிச் செலவழித்தார் என்று கேட்டால் தெரியும். வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. பகல் ஷிப்ட் வாரங்களில் மாலை வந்ததும் புல்லறுக்கப் போவார், பால் கறப்பார், சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். ஊரின் பால்கோவாவுக்குப் போன பாலில் எங்கள் வீட்டுப் பாலும் இருந்தது. வீட்டுக்குப் பால்கோவா வந்ததோ தீபாவளி போனஸ் அன்று மட்டும், இலையில் கட்டிய கால் கிலோ. 2019-ல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அட்டைப்பெட்டியில் கூரியர் ஏறி வெளிநாடு வரை போகிறது.

இரவு ஷிப்ட் வாரங்களைத்தான் என் அப்பாவும் அத்தைகளும் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒற்றை அறை வீடு. பகலில் தாத்தா தூங்கும்போது பிள்ளைகள் ஐவரும் வெளியே திண்ணையில் இருக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. அவர் பேசினால் மட்டும் தெருவுக்கே கேட்கும். எந்திர இரைச்சலில் நாற்பது ஆண்டு பேசிப் பழகிய குரல் அது. அவர் கோபமாக இருக்கிறாரோ என்று சின்ன வயதில் நான் பயந்திருக்கிறேன். காது மந்தமாகிவிட்ட மனிதர் அன்பாகப் பேசினாலும் அப்படித்தான் கேட்கும் என்பது பின்னால் புரிந்தது.

அவர் முதலில் வேலை பார்த்தது கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவி இழையாக்கும் பகுதியில். அந்தக் காலத்துக் கார்டிங் எந்திரம் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோ அளவுக்குச் சீவும். இன்றைய எந்திரம் நூறு கிலோவைத் தாண்டுகிறது. பிறகு ஸ்பின்னிங்குக்கு மாறினார். அங்கே ஒரு பிரேமில் நானூறு கதிர்கள் இருந்தன, இன்று ஆயிரத்துக்கும் மேல். கதிர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தொடுவதே அன்று பெரிது, இன்று இருபதாயிரத்தை நெருங்குகிறது. பாபின் நிறைந்ததும் ஆட்கள் கூட்டமாக ஓடிவந்து கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். இன்று எந்திரமே கழற்றி மாட்டிக்கொள்கிறது. அறுந்த இழையை அவர் விரல் நுனியில் ஒட்டும் வேகத்தைப் பற்றி உடன் வேலை பார்த்தவர்கள் பேசியிருக்கிறார்கள். கோன் சுற்றும் பகுதியில் நூலை முடிச்சில்லாமல் காற்றாலேயே இணைத்துவிடும் எந்திரம் வந்து வெகுகாலமாகிறது.

இதில் கிடைத்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அன்று கார்டிங் ஆட்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடுதான் வீடு திரும்பினார்கள். நெஞ்சுக்குள் போன பஞ்சு கண்ணுக்குத் தெரியவில்லை. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், மறுநாள் சற்றுத் தேவலையாகும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளமே அதுதான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் அதை விடுப்பு எடுத்ததால் வந்த சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று தூசியை உறிஞ்சும் குழாய்கள் இருக்கின்றன, எந்திரங்கள் மூடியிருக்கின்றன. அந்த நோயை இன்றைய பையன்கள் அவ்வளவாக வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே பழைய மில்லை எண்ணி நான் ஏங்க மாட்டேன்.

நிரந்தரம் போனதைத்தான் இழப்பு என்று நினைக்கிறேன். 1952-ல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தபோது சம்பளத்தில் பிடித்தம் ஆறேகால் சதவீதம், மில்லும் அதே அளவு போட வேண்டும். இப்போது அது பன்னிரண்டு சதவீதம். 1972-ன் பணிக்கொடைச் சட்டப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். ஒரே வாசலில் நாற்பது வருடம் நின்றவருக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரு தொகையாக வந்தன. கடைசி அத்தையின் கல்யாணமும் ஓட்டு வீட்டுக்குப் பதில் காரை வீடும் அந்தப் பணத்தில் ஆனவை. மாத ஓய்வூதியத் திட்டம் வந்தது 1995 நவம்பரில். ஐந்து வருடம் முன்பே வெளியேறிய அவருக்கு அதில் இடமில்லை. எண்பது வயதைத் தாண்டும்வரை மாடு வைத்திருந்தார்.

தாத்தா பதிலியாக நிற்கத் தொடங்கியபோது சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. 1954-ல் அவர் ஒடிசாவின் ஆளுநராகப் போனார். அன்று இங்கிருந்து அங்கே போனவர் ஓர் ஆளுநர். இன்று அங்கிருந்து தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு இளைஞர்கள் ரயிலேறி வருகிறார்கள். மில் விடுதியில் தங்குகிறார்கள், பலரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். சம்பளம் கைப்பேசி வழியாக அன்றே ஊருக்குப் போய்விடுகிறது. தாத்தா சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பத்தாவின் கையில் கொடுப்பார், அவர் அரிசிக்கடைக்கும் சீட்டுக்கும் பிரித்து வைப்பார். இரண்டு பேரும் செய்வது ஒரே காரியந்தான். ஆனால் தாத்தா தூங்கும் பிள்ளைகளையாவது தினமும் பார்த்தார். ஒடிசாக்காரத் தகப்பன் வீடியோ அழைப்பில் பார்க்கிறார். இரண்டு வருடத்தில் அவர் வேறொரு ஊர் மில்லில் இருப்பார், அவருடைய வருடங்கள் ஓரிடத்தில் சேர்வதில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தாத்தாவுக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. கண் மங்கிவிட்டதால் நாங்கள்தான் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டுவோம். அந்தச் செய்தியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

“பன்னெண்டு மணி நேரம்னா வீட்டுக்கு எப்ப வருவாங்க?” என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, “சங்கத்துக்காரங்க என்ன சொல்றாங்க?” என்றார்.

சங்கங்கள் எதிர்த்தன. திருத்தம் முதலில் நிறுத்தி வைக்கப்பட்டது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அன்று தாத்தாவின் காதருகே குனிந்து அதைச் சொன்னேன்.

“வடக்கத்திப் பயலுகளுக்கும் சேத்துத்தானப்பா?”

சட்டப்படி அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்றேன்.