ஒரு சிலை, நாலு உரிமை: ஐ.பி. வக்கீல் என்னதான் வேலை பார்க்கிறார்?

இளையராஜா தன் பாட்டுக்காக நோட்டீஸ் அனுப்பினால் டி.வி.யில் "காப்புரிமை விவகாரம்" என்று போடுவார்கள். ஒரு காலேஜ் ப்ரொபசர் தான் கண்டுபிடித்த கருவிக்கு பேட்டண்ட் வாங்கினாலும் பேப்பரில் "காப்புரிமை பெற்றார்" என்றுதான் வரும். ஒரே வார்த்தை, ஆனால் சட்டத்தில் இரண்டும் வேற வேற.

முதலாவது காப்பிரைட், 1957-ம் ஆண்டு சட்டம். பாட்டை உருவாக்கிய நொடியிலேயே தானாக வந்துவிடும். படைத்தவர் உயிரோடு இருக்கும் வரைக்கும், அதற்குப் பிறகு 60 வருஷமும் இருக்கும். இரண்டாவது பேட்டண்ட், 1970-ம் ஆண்டு சட்டம். விண்ணப்பம் போட்டு, ஆய்வைத் தாண்டி வாங்கினால்தான் உண்டு. ஆயுள் 20 வருஷம். இதைக் குழப்பிக்கொண்டு, காலாகாலத்தில் பேட்டண்டுக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இந்த மாதிரி எது எந்த உரிமை, அது இப்போ யார் கையில் இருக்கு என்று பிரித்துப் பார்ப்பதுதான் அறிவுசார் சொத்துரிமை வக்கீலின், அதாவது ஐ.பி. லாயரின் வேலை. சினிமா, இசை, ஓ.டி.டி., விளையாட்டுப் பக்கம் போனால் அவரையே என்டர்டெயின்மென்ட் லாயர் என்கிறார்கள். இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு இதில் என்ன? நிறைய இருக்கு. நம்ம மாவட்டத்திலேயே இருக்கிற ஒரு பொருளை வைத்துத் தொடங்குவோம்.

மாமல்லபுரத்து சிலை ஒன்று

ஈ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்குள் நுழைந்தாலே உளிச் சத்தம் கேட்கும். ஒரு சிற்பி தன் பட்டறையில் சொந்தக் கற்பனையில் ஒரு கருங்கல் சிலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கல்லில் எத்தனை உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது தெரியுமா?

ஒன்று, காப்பிரைட். சிற்பமும் சட்டப்படி "கலைப் படைப்பு". பதிவு கட்டாயமில்லை. ஆனால் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துவைத்தால் நாளைக்குத் தகராறு வரும்போது கையில் ஒரு ஆதாரம் இருக்கும். அதே சமயம், நின்ற கோலப் பிள்ளையார் என்ற யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சிற்ப சாஸ்திர அளவுகளும் பொதுச் சொத்து. அதில் இந்தச் சிற்பி தனியாகச் சேர்த்த வடிவம் மட்டும்தான் அவருடையது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான்: கருவுக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. அது நாடகமா சினிமாவா என்று வந்த வழக்கு. கல்லுக்கும் அதே விதிதான்.

இரண்டு, தார்மீக உரிமை. காப்பிரைட்டை விற்றுவிட்டாலும் "இதைச் செய்தது நான்" என்று சொல்லும் உரிமையும், தன் பேர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் படைத்தவரிடமே தங்கும். சட்டத்தில் இது 57-வது பிரிவு. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றி கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005-ல் டெல்லி ஹைகோர்ட், மிச்சமிருந்த பாகங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவு போட்டது. காசு கொடுத்துச் செய்யச் சொன்னது அரசாங்கம். அப்படியிருந்தும் சிற்பியின் பக்கம் தீர்ப்பு வந்தது.

மூன்று, டிசைன். அதே சிற்பி கல் விளக்கு, தோட்ட பெஞ்ச் மாதிரி பயன்பாட்டுப் பொருளுக்குப் புது வடிவம் போட்டால் கதை மாறும். அதை 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தில், அதுவும் வெளியே காட்டுவதற்கு முன்னாலேயே பதிவு செய்யணும். பதிவு செய்யாமல், இயந்திர முறையில் 50-க்கு மேல் பிரதி எடுத்துவிட்டால் காப்பிரைட்டும் போய்விடும். சி.என்.சி. மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த 50 என்ற எண்ணை மறக்கக் கூடாது.

நான்கு, புவிசார் குறியீடு. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் இது கிடைத்தது. இந்தியா முழுமைக்கும் புவிசார் குறியீடு பதிவு செய்யும் அலுவலகம் கிண்டியில், நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டிலேயேதான் இருக்கிறது. ஆனால் இது ஊர்ப் பெயரைக் காக்கும் உரிமை. வேறெங்கோ செய்த சிலையை "மாமல்லபுரம் சிற்பம்" என்று விற்றால் தடுக்கலாம். ஒரு சிற்பியின் தனி வடிவத்தைப் பக்கத்துத் தெருக்காரர் காப்பியடித்தால் இது உதவாது, முதலில் சொன்ன காப்பிரைட்தான் உதவும். அதோடு, சிற்பியும் தன்னை "அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்" என்று பதிவு செய்துகொண்டால்தான் சட்டத்தின் முழுப் பலனும் கிடைக்கும்.

நம்ம ஆட்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட். பொது இடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் சிற்பத்தைப் போட்டோ எடுக்கலாம், வரையலாம் என்று 52-வது பிரிவு சொல்கிறது. 3டி ஸ்கேன் பண்ணி ரெசினில் பிரிண்ட் போட்டு விற்கலாம் என்று அதில் இல்லை. அர்ஜுனன் தபசுக்குப் பிரச்சினையில்லை, பல்லவர் காலத்து வேலைக்குக் காப்பிரைட் ஏது? ஆனால் அங்கே சினிமா ஷூட்டிங் வைக்கணும்னா தொல்லியல் துறை அனுமதி வேணும். அது வேற சட்டம்.

சினிமாவிலும் இதே கதைதான்

ஊரப்பாக்கத்தில் ப்ளாட் வாங்கினால் என்ன செய்வோம்? மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். ஒரு பழைய பாட்டைப் படத்தில் போடணும் என்றாலும் அதேதான். மெட்டு யாருடையது, வரி யாருடையது, ரெக்கார்டிங் யாருடையது, 30 வருஷத்துக்கு முன்னால் தயாரிப்பாளர் யாருக்கு எழுதிக்கொடுத்தார், அந்த கம்பெனி யாருக்கு விற்றது... பாட்டுக்கு வில்லங்கச் சான்று கிடையாது. பழைய ஒப்பந்தங்களைத் தேடிப்பிடித்துப் படிக்கத்தான் வேணும். படிப்பவர்தான் நம்ம வக்கீல்.

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் வந்த 'குணா' பாட்டுக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றது படத் தரப்பு. இரண்டு பக்கமும் பேப்பர் இருக்கும்போது எந்தப் பேப்பர் எதைக் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1977-ல் சுப்ரீம் கோர்ட், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், படத்துக்காகக் காசு வாங்கிச் செய்த பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்று சொல்லிவிட்டது. கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் ரொம்ப காலம் போராடினார்கள். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பாட்டை எழுதிக்கொடுத்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டு ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது.

டைரக்டர்களின் நிலைமை இன்னும் கஷ்டம். 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படத்தின் முடிவை ஏ.ஐ. வைத்து மாற்றி மறுபடி ரிலீஸ் செய்தார்கள். டைரக்டரும் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் நம்ம காப்பிரைட் சட்டத்தில் சினிமாவுக்கு "படைப்பாளி" என்று எழுதியிருப்பது தயாரிப்பாளரைத்தான். ஆகவே "என் படத்தை மாற்றாதே" என்ற வரியை டைரக்டர் ஒப்பந்தத்திலேயே போட்டு வாங்கணும். அந்த ஒரு வரியைப் போடச் சொல்வதற்குத்தான் வக்கீல்.

அதனால் இந்த வக்கீல்களின் நாளில் பெரும்பகுதி கோர்ட்டில் போவதில்லை, படிப்பதிலும் எழுதுவதிலும்தான் போகிறது. கதை உரிமை ஒப்பந்தம், நடிகர் ஒப்பந்தம், ஓ.டி.டி. ஒப்பந்தம், டிரேட்மார்க் விண்ணப்பம், காப்பியடித்தவருக்கு நோட்டீஸ், வந்த நோட்டீசுக்கு பதில். தகராறு முற்றினால்தான் வழக்கு. அதிலும் பல சமரசத்தில் முடியும். 2018-ல் 'சர்கார்' கதைத் தகராறு ஹைகோர்ட் வரைக்கும் போய், ஒரு உதவி இயக்குநருக்குப் படத்தில் நன்றி அட்டை போடுவதாக ஒத்துக்கொண்டு முடிந்தது நினைவிருக்கும்.

இது உங்க மேட்டரும்தான்

ஃப்ரீலான்ஸ் பண்ணுகிற எல்லோரும் இதைக் கவனிங்க. 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காப்பிரைட் அவருக்கு. ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர்களே, அது உங்களுடையது இல்லை! ஆனால் சிற்பமும் சாஃப்ட்வேர் கோடும் அந்தப் பட்டியலில் வராது. ஃப்ரீலான்ஸாக நீங்கள் எழுதிய கோடு, எழுத்துப்பூர்வமாக மாற்றிக் கொடுக்கும் வரை உங்களுடையது. அதே கோடை சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கம்பெனிக்காக எழுதினால் கம்பெனிக்கு.

எதில் கையெழுத்துப் போட்டாலும் நாலு கேள்வி கேளுங்க:

- எந்த உரிமையைக் கொடுக்கிறேன்? மொத்தமாகவா, பயன்படுத்தும் அனுமதி மட்டுமா?
- எத்தனை வருஷத்துக்கு? காலம் எழுதவில்லை என்றால் சட்டம் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். "என்றென்றைக்கும்" என்று எழுதியிருந்தால் உஷார்.
- எந்த இடத்துக்கு? எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். "உலகம் முழுவதும்" என்றால் அதற்குத் தக்க காசு கேளுங்க.
- எந்த வடிவத்தில்? ஏ.ஐ. பயிற்சிக்கும் சேர்த்தா?

இன்ஜினீயரிங்கில் இருந்து எப்படிப் போவது?

இரண்டு பாதை இருக்கு.

முதல் பாதை பேட்டண்ட் ஏஜென்ட். இதற்குச் சட்டப் படிப்பே தேவையில்லை. 21 வயது முடிந்த இந்தியக் குடிமகனாக இருக்கணும், இன்ஜினீயரிங் அல்லது சயின்ஸ் டிகிரி வேணும், பேட்டண்ட் அலுவலகம் நடத்தும் தேர்வில் பாஸ் ஆகணும். இரண்டு பேப்பரிலும் தனித்தனியாக 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம். வெறும் சட்டம் மட்டும் படித்தவர் இந்தத் தேர்வை எழுதவே முடியாது. இங்கே நம்ம டிகிரிக்குத்தான் மரியாதை.

இரண்டாவது பாதை, பி.இ. முடித்து மூன்று வருட எல்.எல்.பி. நம்ம மாவட்டத்திலேயே செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. முடித்ததும் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. 2024-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. ஒரு விஷயம்: தபால் வழி எல்.எல்.பி. செல்லாது. ஐ.டி. வேலையில் முழுநேரம் இருந்துகொண்டே வக்கீலாகப் பிராக்டிஸ் பண்ணவும் முடியாது.

சம்பளம்? ஜூனியராக இருக்கும் முதல் சில வருஷம் கையைக் கடிக்கும். 2024-ல் இந்திய பார் கவுன்சில் ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 தரலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில் கிளாஸ்மேட் வாங்குவதோடு ஒப்பிட்டால் மனசு ஆடும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்க.

ஏன் இங்கே?

இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சென்னை ஹைகோர்ட்டைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அங்கே அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவே வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஒரு நல்ல வசதியைச் செய்து வைத்திருக்கு. காப்பிரைட் வழக்கைப் படைத்தவர் தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்கான மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்கிறது 62-வது பிரிவு. மாமல்லபுரத்துச் சிற்பியின் வடிவத்தை டெல்லியில் ஒருவர் காப்பியடித்தால், அவர் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. செங்கல்பட்டுக்கு வந்தால் போதும்.

கல்லும் இருக்கு, கலையும் இருக்கு, சட்டமும் இருக்கு, கோர்ட்டும் பஸ் தூரத்தில் இருக்கு. பட்டறைக்கு வந்து, ஆர்டர் பேப்பரை வாங்கிப் படித்து, "அண்ணே, இந்த வரியை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்ல ஒரு ஆள்தான் வேணும். மெஷினும் தெரிந்து சட்டமும் தெரிந்த ஒருத்தர் நம்ம பேட்ச்சில் இருந்தே வந்தால் நல்லாத்தானே இருக்கும்?