கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளும் நமது கவனமும்

கடந்த மாரி மழைக்குப் பின் ஒரு நாள் காலை. வகுப்பு தொடங்கும் நேரத்தில் எமது தெருவைச் சேர்ந்த ஒரு ராத்தா மகனை அனுப்பியிருந்தார். "மௌலவி, எங்கட கிணத்துல பூனைக்குட்டி விழுந்து செத்துக் கிடக்குது. உம்மா கேட்கச் சொன்னாங்க, அந்தத் தண்ணியில வுழூ எடுக்கலாமா?" என்று பையன் கேட்டான்.

கிணற்று நீர் இரண்டு குல்லத்தை விட எவ்வளவோ அதிகம். நிறமோ மணமோ சுவையோ மாறவில்லை என்றும் சொன்னான். குட்டியை எடுத்து அகற்றிவிடுங்கள், தண்ணீர் நஜீஸ் ஆகவில்லை என்று சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சரிதான். ஆனால் மார்க்கச் சட்டத்தில் சுத்தமான தண்ணீர் எல்லாம் குடிக்கத் தகுந்த தண்ணீர் ஆகிவிடாது என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது என் நினைவுக்கு வரவில்லை. அந்த வீட்டில் பால் குடிக்கும் பிள்ளை ஒன்றும் இருந்தது.

ராத்தா என்னை விட விவரமானவர். சுகாதாரப் பகுதியினரிடம் கேட்டு, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளில் ஒரு பை வாங்கிவிட்டார். எப்படிப் போடுவது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. பாதிப் பையை அப்படியே கிணற்றில் கொட்டினார். மீதியை ஒரு வெற்றுப் பால்மா டின்னில் போட்டு, குசினியில் மாவு டின்களோடு வைத்தார். நான்கு நாள் கழித்து, கக்கூசில் படிந்த மஞ்சள் கறை போகட்டும் என்று முதலில் கடையில் வாங்கிய அசிட்டை ஊற்றித் தேய்த்தார். அது போதாது என்று அந்தத் தூளையும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

அடுத்த நிமிடம் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். "மஞ்சள் புகை மாதிரி ஒண்டு வந்திச்சு. நெஞ்சைப் புடிச்சுப் பிசைஞ்ச மாதிரி இருந்திச்சு. கதவு எங்க எண்டே தெரியல்ல." இருமிக்கொண்டே வெளியில் வந்து விழுந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு இரவுகள் ஒட்சிசன் கொடுத்து வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். சின்னப்பிள்ளை அந்த நேரம் உம்மம்மா வீட்டில் இருந்தது.

நான் இரசாயனம் படித்தவன் அல்லன். அரபுக் கலாசாலையில் படித்தவன். ஆனாலும் அந்தச் சம்பவத்திற்குப் பிறகு, தெரிந்த ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் வைத்தியர் ஒருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். புத்தகங்களும் பார்த்தேன். நமது வீடுகளுக்கு வேண்டியதைச் சகோதரிகளுக்குச் சொல்வது கடமை என்று பட்டது.

இந்தத் தூள் வீட்டுச் சாமானாகப் பிறந்ததல்ல, தொழிற்சாலைச் சாமான். நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பது இது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்ள்ஸ் டெனன்ட் என்பவர் 1799 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நோக்கம் துணி வெளுப்பது. அதற்கு முன் துணியைப் புல்வெளியில் விரித்து மாதக் கணக்கில் வெயிலில் காயப்போட்டே வெளுத்தார்கள். வெளுப்புத் தூள், பிளீச்சிங் பவுடர் என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான். எமது பகுதியில் டீ.சீ.எல். தூள் என்றும் சொல்வார்கள்.

இது மனித உயிரைக் காத்த கதையில் பெண்களுக்கு ஒரு பங்கு உண்டு. 1847 இல் வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் பிள்ளை பெற்ற தாய்மார் பிரசவக் காய்ச்சலில் கூட்டமாக மௌத்தானார்கள். மருத்துவ மாணவர்கள் பணி செய்த பிரிவில் ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவில் மரணம் அவ்வளவு இல்லை. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் இதற்குக் காரணம் தேடினார். மாணவர்கள் பிரேதங்களை அறுத்துப் படித்த கையோடு பிரசவ அறைக்கு வருகிறார்கள் என்று கண்டார். குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரில் கை கழுவாமல் எவரும் தாயைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார். சில மாதங்களுக்குள் மரணம் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிவிட்டது. அவர் சொன்னதை அக்காலத்துப் பெரிய வைத்தியர்கள் பலர் ஏற்கவில்லை என்பது வேறு கதை. 1897 இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது, தண்ணீர்க் குழாய்களை இதே தூளால்தான் சுத்தம் செய்தார்கள்.

நமது கரையோர மக்களுக்கு இந்தத் தூள் நன்றாக அறிமுகமானது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகே. கிணறெல்லாம் கடல் நீரும் சேறுமாகக் கிடந்தன. இறைத்து இறைத்துத் தூள் போட்டோம். அப்போது ஒரு பாடமும் கிடைத்தது. மணற்பாங்கான நிலத்தில் பெரிய மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு நீர் மேலே ஏறிவிடும். அப்படிக் கெட்டுப்போன கிணறுகளும் உண்டு. உப்பையோ, வயலுக்கு அடித்த மருந்தையோ இந்தத் தூள் போக்காது. கிருமியை மட்டுமே கொல்லும்.

இனி கிணற்றுக்குப் போடும் முறை. முதலில் அளவு. புதிய, நல்ல தூளில் நூற்றுக்கு முப்பது, முப்பத்துமூன்று பங்கு அளவில் குளோரின் இருக்கும். ஓரளவு தெளிந்த நீருக்கு வழமையான அளவு 1000 லீட்டருக்கு இரண்டரைக் கிராம். நாலடி அகல வளையம் இறக்கிய கிணற்றில் ஐந்தடி தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 1780 லீட்டர். அதாவது வேண்டிய தூள் நாலரைக் கிராமுக்கும் குறைவு, ஒரு தேக்கரண்டிக் கணக்கு. ராத்தா கொட்டிய அரைப் பையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! வெள்ளம் புகுந்த கிணறு, பிராணி செத்துக் கிடந்த கிணறு என்றால் பல மடங்கு கூடுதலாகப் போட்டு, பிறகு இறைத்துவிடும் முறை இருக்கிறது. அந்த அளவைப் பரிசோதகரே தீர்மானிக்க வேண்டும். தண்ணீரில் மீதமிருக்கும் குளோரினை அளக்கும் சிறு கருவி அவர்களிடம் உண்டு. அரை மணி நேரத்துக்குப் பிறகும் லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் கிருமி ஒழிந்தது என்று கொள்ளலாம்.

அடுத்து, தூளை ஒருபோதும் அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. பிளாத்திக்கு வாளி ஒன்றில் முதலில் கொஞ்சம் தண்ணீர் எடுங்கள், அதில் தூளைப் போடுங்கள். தூள் இருக்கும் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டாம். கட்டி இல்லாமல் தடியால் கரைத்து, வாளி முக்கால் நிறையும் வரை தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் நின்ற சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரம் கழியாமல் அந்தத் தண்ணீரை எடுக்கவும் வேண்டாம். மாலையில் போட்டுக் காலையில் பாவிப்பது வசதி.

கரைக்கும்போது வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் படும். ஈரக் கையில் பட்டால் புண்ணாக்கும். இறப்பர் கையுறை, மூக்கை மூட ஒரு துணி, முடிந்தால் கண்ணாடி. பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இந்த வேலை செய்ய வேண்டாம்.

ராத்தாவுக்கு நேர்ந்த ஆபத்துதான் மிகப் பெரியது. இந்தத் தூளில் அசிட் பட்டால் உள்ளே அடங்கியிருந்த குளோரின் வாயு மொத்தமாக வெளியே வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்ல அவிழ்த்துவிட்ட வாயு இதுவே. காற்றை விட இரண்டரை மடங்கு பாரம், ஆகவே மேலே போகாமல் தரையோடு தங்கும். ஜன்னல் இல்லாத சின்னக் கக்கூசில் குந்தியிருந்து தேய்ப்பவருக்கு நேரே முகத்தில் அடிக்கும். கக்கூஸ் கழுவும் திராவகம், தரை ஓட்டுக்குப் பாவிக்கும் அசிட், வினாகிரி, ஏன், தேசிக்காய்ப் புளி கூட இதோடு சேரக்கூடாது. அமோனியா கலந்த சுத்திகரிப்பு நீரோடு சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு வரும். "இரண்டையும் சேர்த்தால் இரட்டைச் சுத்தம்" என்று நமது பெண்கள் நினைக்கிறார்கள். ஆண்களும்தான். பள்ளிவாசல் கக்கூசுகளிலும் இப்படிச் செய்வதை நான் கண்டிருக்கிறேன்.

அப்படி வாயு கிளம்பிவிட்டால் கழுவிவிட்டு வருவோம் என்று நிற்காமல் உடனே வெளியேறுங்கள். திறந்த வெளிக்குப் போய் நிமிர்ந்து உட்காருங்கள். கண் எரிந்தால் பதினைந்து இருபது நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். நனைந்த உடுப்பைக் கழற்ற வேண்டும். இருமல் அடங்கிவிட்டதே என்று வீட்டில் படுக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கட்டுவதும் உண்டு என்று வைத்தியர் சொன்னார். பிள்ளை தூளை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியே திரும்ப வந்து தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். வாயைக் கழுவி, பொதியையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

வைக்கும் இடமும் முக்கியம். கோதுமை மாவும் அப்பச்சோடாவும் இதுவும் பார்வைக்கு ஒரே வெள்ளை. உணவு டின்னில், உணவு இருக்கும் தட்டில் வைக்கவே வேண்டாம். வந்த பொதியிலேயே, பெயர் தெரிய, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், ஈரமும் வெயிலும் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தகர டின்னை இது அரித்துவிடும். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், சீனி, பழைய துணி இவற்றோடு சேர்ந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. இதன் வலுக்கூடிய இனமான கல்சியம் ஹைப்போகுளோரைட் ஏற்றிச் சென்ற டீ.ஜீ. ஹார்மனி என்ற கப்பல் 1998 நவம்பரில் பிரேசில் கரைக்கப்பால் எரிந்துபோனது. நமது வீட்டில் இருப்பது ஒரு பிடிதான், ஆனால் அடுப்படிக்குப் பக்கத்தில் அந்த ஒரு பிடியும் வேண்டாம். திறந்து வைத்தால் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்பே மிஞ்சும். ஆகவே தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பழைய தூளை நம்பிக் கிணற்றுக்குப் போட்டால் போட்டதும் போடாததும் ஒன்று.

இன்னொரு கேள்வி, இதைக் கேட்காத வீடில்லை. தூள் போட்ட தண்ணீரில் மணம் வருகிறதே, வுழூவும் குளிப்பும் நிறைவேறுமா? இலேசான மணம், தண்ணீர் என்ற பெயரை அதிலிருந்து எடுத்துவிடாது. தாராளமாக நிறைவேறும். மூக்கைத் துளைக்கும் அளவுக்கு மணந்தால் அளவு பிழைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புது ஊற்று வரும் வரை பொறுங்கள். ராத்தாவின் கிணற்றைப் பரிசோதகர் வந்து அப்படித்தான் இறைக்க வைத்தார். குடிக்கும் தண்ணீரில் வரும் சிறு மணம் பிடிக்காதவர்கள், குடத்தில் எடுத்து மெல்லிய துணியால் வாய் கட்டி ஓர் இரவு வைத்தால் விடியும்போது பெரும்பாலும் போயிருக்கும்.