தாழ்த்திய காரும் தகுந்த சில்லும்

மாட்டுவண்டி செய்யும் தச்சர், குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டம் என்னும் நான்கையும் ஒன்றுக்கொன்று அளந்தே பொருத்துவர். ஒன்றன் அளவை மாற்றின் ஏனையவற்றையும் மாற்றல் வேண்டும் என்பது அத்தொழிலின் நெறி. மோட்டார்க் காருக்கும் இந்நெறியே உரியது. திருகோணமலைத் துறைமுக நகரிலும் அதன் அயலிலும் இளைஞர் சிலர் தம் கார்களைத் தரையோடு தாழ்த்தி, அகன்ற சில்லுகளைப் பூட்டி ஓட்டுதலைக் காண்கின்றோம். அவ்விருப்பத்தைப் பழித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய காருக்குச் சில்லையும் ரயரையும் தெரிந்தெடுக்கும் முறையினை விளக்குதலே நோக்கமாகும்.

காரைத் தாழ்த்தினால் அதன் புவியீர்ப்பு மையம் தாழும். வளைவுகளில் உடல் சாய்தல் குறையும். இது நன்மையே. ஆயினும், ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே தோன்றும் வெளி வீணான வெளி அன்று. வில் ஒடுங்கும்போது சில்லு மேலெழுவதற்கென விடப்பட்ட இடம் அது. அவ்விடம் 100 மில்லிமீற்றராயிருந்த காரை 40 மில்லிமீற்றர் தாழ்த்தின், எஞ்சுவது 60 மில்லிமீற்றரே. வில்லை வெட்டிக் குறுக்குவோர் இதனை எண்ணுவதில்லை. வெட்டிய வில் தன் இருக்கையினின்று வழுவவுங் கூடும்.

சில்லையும் வில்லையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும் என்பதற்கு அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த கார்கள் தக்க சான்று. 1948இல் வெளிவந்து, இன்றும் இலங்கை வீதிகளிற் காணப்படும் மொறிஸ் மைனருக்கு அவர் 14 அங்குலச் சில்லைத் தெரிந்தார். 1959இல் வெளிவந்த மினிக்கோ 10 அங்குலச் சில்லே போதுமெனக் கொண்டார். சில்லுச் சிறுத்தமையால் உள்ளே இருப்போருக்கு இடம் பெருகியது. அச்சிறு சில்லுக்கேற்ப, உலோக வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த இறப்பர்க் கூம்புகள் அமைக்கப்பட்டன. அழகு அங்கே அளவிலிருந்து பிறந்தது.

முதலில் நோக்கற்பாலது முழு விட்டம். ரயரின் பக்கத்தில் 175/70 ஆர் 13 என்றிருப்பின், அகலம் 175 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு. சில்லின் விட்டம் 13 அங்குலம். இவற்றைக் கூட்டின் முழு விட்டம் ஏறத்தாழ 575 மில்லிமீற்றர். இதற்கீடாக 185/60 ஆர் 14 பூட்டின் விட்டம் 578. 195/50 ஆர் 15 பூட்டின் 576. இம்மூன்றும் ஒன்றற்கொன்று ஒக்கும். 195/60 ஆர் 15 பூட்டினாலோ விட்டம் 615 ஆகும். அப்பொழுது வேகமானி 60 காட்டுகையில் கார் 64இல் ஓடும். தாழ்த்தியதாற் குறைந்த இடத்தில் மேலும் 20 மில்லிமீற்றர் போய்விடும்.

அடுத்தது சில்லின் இருப்பு. சில்லின் நடுக்கோட்டிலிருந்து, அது குடத்தோடு பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியுள்ளது என்பதே ஓப்செற் எனப்படும். 5 அங்குல அகலமும் 45 மில்லிமீற்றர் ஓப்செற்றும் உள்ள சில்லைக் கழற்றி, 7 அங்குல அகலமும் 35 மில்லிமீற்றர் ஓப்செற்றும் உள்ளதைப் பூட்டின், வெளிவிளிம்பு 35 மில்லிமீற்றர் மட்காட்டை நோக்கியும், உள்விளிம்பு 15 மில்லிமீற்றர் வில்லை நோக்கியும் நகரும். ஆணித்துளைகள் ஒத்திருப்பினும் குடத்துளை ஒவ்வாதிருத்தல் உண்டு. ஹொண்டா, ரொயோற்றா சிறு கார்கள் பலவற்றில் நான்கு ஆணிகளும் 100 மில்லிமீற்றர் வட்டத்திலேயே அமைந்துள்ளன; குடத்துளையோ முன்னதில் 56.1, பின்னதில் 54.1 மில்லிமீற்றர். ஆதலின் ஹொண்டாச் சில்லை ரொயோற்றாவிற் பூட்டுவோர் இடையே வளையமிடல் வேண்டும்.

அகன்ற ரயர் எப்பொழுதும் இறுகப் பற்றும் என்பது பலர் கொண்ட எண்ணம். 300 கிலோகிராம் பாரத்தைச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தமுள்ள ரயர் தாங்கின், அது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 22 சதுர அங்குலம். அகலம் கூடின் அப்பரப்பு அகன்று குறுகுமேயன்றிப் பெரிதும் மிகாது. அகன்ற ரயர் முன்னுள்ள நீரை ஒதுக்குதலும் அரிது. விமான ரயர்களை ஆராய்ந்து நாசா அறிஞர் 1960களிற் கண்ட கணக்கின்படி, தவாளிப்பின் ஆழத்தை மிஞ்சி நீர் நிற்குமிடத்தில், 30 இறாத்தல் அழுத்தமுள்ள ரயர் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவிலும், 20 இறாத்தலுள்ளது 74 அளவிலும் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் நம் மாவட்டத்தில் இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. நகரத் தெருக்களிற் புள்ளிமான்கள் குறுக்கிடுவதை யாவரும் அறிவர். சடுதியாகத் தடைபோடும் அக்கணத்தில் உயிரைக் காப்பது அந்த 22 சதுர அங்குலமே.

கடற்கரை ஊர்க்கு உரிய குறிப்புக்களும் சில உள. உப்புக்காற்று அலுமினியச் சில்லில் ரயர் அமரும் விளிம்பை அரிக்கும். அதனாற் காற்று மெல்லக் கசியும். பழைய ரயர் வாங்குவோர் அதன் பக்கத்திலுள்ள நான்கிலக்கத்தைப் படித்தல் வேண்டும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. பாரக்குறி 82 எனின், ஒரு ரயர் 475 கிலோகிராம் தாங்கும். புதிய ரயரின் குறி பழையதினும் குறைதல் ஆகாது. பக்கச்சுவர் 122 மில்லிமீற்றரிலிருந்து 97 ஆகக் குறைந்தால், வீதிக்குழியின் அடியைத் தாங்கும் மெத்தையும் அவ்வளவு மெலியும் என்பதனையும் நினைத்தல் வேண்டும்.

பூட்டியபின் சோதனை இன்றியமையாதது. ஐவரை ஏற்றி, ஒரு சில்லை மேட்டில் நிறுத்தி, சுக்கானை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். எங்கேனும் உரசுமாயின் அத்தெரிவு தவறானது. தாழ்த்திய காரிற் சில்லுகள் உட்சாய்வதால் ரயரின் உள்விளிம்பு விரைவில் தேயும்; ஆதலின் சில்லுகளின் நேரமைப்பையும் திருத்துதல் கடன். ஓட்டுபவர் ஒருவர் தெரிந்த சில்லின்மீது, அதைத் தெரியாத தாயும் குழந்தையும் அமர்ந்து செல்கின்றனர். விரும்பிய சில்லை வாங்கிப் பின்னர் அதற்கு இடந் தேடுதல் முறையன்று. இடத்தை அளந்து, அதற்கிசைந்த சில்லைத் தெரிதலே அறிவுடையோர் செயலாகும்.